ஆங்கில சப்டைட்டிலோடு கொரியப் படம் பார்க்கும்போது நமக்குத் தப்பிப்போவது என்ன?

‘பாராசைட்’, ‘டிசிஷன் டு லீவ்’ போன்ற படங்களைக் கொரிய ரசிகர்கள் ஐந்தாறு முறை திரையரங்கிலேயே பார்த்ததாகச் சொல்கிறார்கள், எனக்கோ ஒரே தடவையில் கதை முழுவதும் புரிந்துவிட்டது, அப்படியானால் ஆங்கில சப்டைட்டிலை மட்டும் நம்பிப் பார்க்கும் நான் எதைத் தவறவிடுகிறேன் என்று கேட்டிருக்கிறீர்கள். கதையில் நீங்கள் எதையும் தவறவிடவில்லை. யார் யாரிடம் எந்த மரியாதையில் பேசுகிறார்கள், அந்த மரியாதை எந்த இடத்தில் உடைகிறது என்பதுதான் ஆங்கில எழுத்தில் ஏறாமல் போகிறது. கொரியப் படங்களில் நாடகத்தின் பாதி அங்கேதான் நடக்கிறது. ஆங்கிலம் மட்டுமே அறிந்தவருக்கு இதை விளக்குவது கடினம். நீ, நீங்கள், வா, வாங்க என்று பேசி வளர்ந்த நமக்கு இது நாளும் புழங்குகிற விஷயம்.

கொரிய மொழியிலும் தமிழைப் போலவே வினைச்சொல் வாக்கியத்தின் கடைசியில் வருகிறது. மரியாதையும் அந்த வினையின் வாலில்தான் ஒட்டிக்கொள்கிறது. பேச்சு வழக்கில் வாக்கியம் ‘யோ’ என்று முடிந்தால் ஏறக்குறைய நம்முடைய ‘ங்க’ என்று வைத்துக்கொள்ளலாம். ‘ம்னிதா’, ‘ம்னிக்கா’ என்று முடிந்தால் அது அலுவலகத்திலும் ராணுவத்திலும் செய்தி வாசிப்பிலும் கேட்கும் விறைப்பான மரியாதை. இவை எதுவும் இல்லாமல் மொட்டையாக முடிந்தால் அதற்குப் ‘பன்மல்’ என்று பெயர். நெருங்கியவரிடமும் சிறியவரிடமும் பேசுவது, அல்லது வேண்டுமென்றே அவமதிப்பது. உறவுச்சொற்களும் அப்படியே. ஆண் தன் அண்ணனை ‘ஹ்யொங்’ என்பான், பெண் தன் அக்காவை ‘ஒன்னி’ என்பாள், ரத்த உறவே இல்லாத தெருக்காரரையும் இந்தச் சொற்களால் அழைப்பார்கள். (அம்மா, அப்பா என்று இரண்டு மொழியிலும் ஒலிப்பதை வைத்துக் கொரியமும் தமிழும் ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள் என்று வாதாடுவோரிடம் நான் சேரவில்லை. மொழியியலார் அதை ஏற்கவும் இல்லை. படம் பார்ப்பதற்கு அந்த ஒலி ஒற்றுமையைவிட வாக்கிய முடிவின் ஒற்றுமையே பயன்படும்.)

‘பாராசைட்’ படத்தையே எடுத்துக்கொள்வோம். 2019இல் கான் விழாவின் தங்கப் பனை, 2020 பிப்ரவரியில் சிறந்த படம் உட்பட நான்கு ஆஸ்கர், ஆங்கிலமல்லாத மொழியில் சிறந்த பட ஆஸ்கர் வாங்கிய முதல் படம் என்பதெல்லாம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஓர் ஏழைக் குடும்பமே அடையாளத்தை மறைத்துப் பணக்கார வீட்டில் ஒவ்வொருவராக வேலைக்குச் சேரும் கதை அது. அதில் பணக்கார வீட்டுத் தலைவன் தோங் இக், தன் காரோட்டியாக வந்து சேரும் அந்தக் குடும்பத்துத் தந்தை கி டேக்கிடம் எப்படிப் பேசுகிறான் என்பதைக் காதை மட்டும் திறந்து வைத்துக் கேட்டுப் பாருங்கள். வேலைக்காரனை ‘டேய்’ என்று விரட்டும் முதலாளியாக இயக்குநர் போங் ஜூன் ஹோ அவனை எழுதவில்லை. காரோட்டி என்ற தொழிற்பெயரோடு ‘நிம்’ என்ற மரியாதை விகுதியையும் சேர்த்தே அழைக்கிறான். வாக்கியங்கள் ‘யோ’ என்றே முடிகின்றன. அவனுடைய மரியாதையே ஒரு மதில். எல்லைக்கோட்டைத் தாண்டுகிறவர்களைக் கண்டால் தனக்குப் பிடிக்காது என்கிறான். கி டேக் கோட்டின் விளிம்பு வரை வந்து நின்றுவிடுகிறார், ஆனால் அவர் மேல் வீசும் வாடை கோட்டைத் தாண்டி வருகிறது என்று மனைவியிடம் சொல்கிறான்.

அந்தக் கோடு எங்கே இருக்கிறது என்பதைப் படம் இரண்டு முறை தொட்டுக் காட்டுகிறது. கார் ஓட்டும்போது கி டேக், “இருந்தாலும் அம்மாவை நேசிக்கிறீர்கள் அல்லவா?” என்ற பொருளில் முதலாளியிடம் மனைவியைப் பற்றிக் கேட்கிறார். கேள்வி முழு மரியாதையோடுதான் கேட்கப்படுகிறது. தோங் இக் ஒரு கணம் திகைத்து, பிறகு சிரித்து மழுப்புகிறான். கடைசியில் தோட்டத்துப் பிறந்தநாள் விருந்தில் இருவரும் செவ்விந்தியர் இறகுத் தொப்பி அணிந்து புதருக்குப் பின்னால் குந்தியிருக்கும்போது அதே பேச்சு மறுபடியும் கி டேக்கின் வாயில் வருகிறது. இந்த முறை தோங் இக்கின் முகம் இறுகுகிறது. இன்றைக்குத் தனிச் சம்பளம் உண்டு, இதையும் வேலையின் ஒரு பகுதியாக நினைத்துக்கொள்ளுங்கள் என்கிறான். இப்போதும் ‘ங்கள்’ போகவில்லை. ஒருவேளை அவன் அங்கே ஒருமைக்கு இறங்கியிருந்தால் கி டேக்குக்குக் கோபம் வந்து தணிந்திருக்கும் என்று எனக்குத் தோன்றும். இறங்காததனால்தான் அடுத்த பத்து நிமிடம் அப்படி ரத்தக்களரியாகப் போகிறது.

இதற்கு நேர் எதிரானது நிலவறைக் காட்சி. பழைய வீட்டு வேலைக்காரி முன் குவாங், நிலவறையில் ஒளித்து வைத்திருக்கும் தன் கணவனைக் காப்பாற்றச் சொல்லிக் கெஞ்சும்போது, கி டேக்கின் மனைவி சுங் சூக்கை ‘ஒன்னி’ என்று அழைக்கிறாள். நம்மூரில் முன்பின் தெரியாத பெண்ணிடம் உதவி கேட்கும்போது ‘அக்கா’ என்று தொடங்குவோமே, அதேதான். நான் உனக்கு அக்காவும் இல்லை, தங்கையும் இல்லை என்று சுங் சூக் வெட்டுகிறாள். சில நிமிடங்களில் அந்தக் குடும்பத்தின் மோசடி முன் குவாங்கின் கைப்பேசியில் பதிவாகிவிடுகிறது. இப்போது சுங் சூக்குக்கு அந்த உறவுச்சொல் தேவைப்படுகிறது, முன் குவாங் கெட்ட வார்த்தையோடு அதை அவள் முகத்தில் எறிகிறாள். அதிகாரம் ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்குப் போனதை ஒரே ஒரு உறவுச்சொல் சொல்லிவிடுகிறது. ஆங்கிலத்தில் அந்த இடத்தில் வரும் சொல் பொருளைச் சொல்கிறது, ஆனால் ஆங்கிலம் பேசும் எவரும் அந்நியப் பெண்ணை அப்படி அழைத்துக் கெஞ்சுவதில்லை என்பதனால் சூடு இறங்கிப்போகிறது.

மொழிபெயர்ப்பாளரைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. ‘பாராசைட்’டின் ஆங்கில எழுத்தை ஆக்கிய டார்சி பாக்கெட் கொரியாவிலேயே நீண்ட காலம் வாழ்ந்து அந்நாட்டுச் சினிமாவைப் பற்றி எழுதி வருபவர். ஆவணத்தைப் போலியாகத் தயாரிக்கும் மகளைப் பார்த்து, சியோல் தேசியப் பல்கலைக்கழகத்தில் போலி ஆவணத் துறை என்று ஒன்று இல்லையா என்று தந்தை வியக்கும் இடத்தில் அவர் ஆக்ஸ்ஃபோர்டு என்று போட்டார். கொரியர்களின் குறுஞ்செய்திச் செயலியான காகாவோடாக் வாட்ஸ்அப் ஆனது. இரண்டு வகை உடனடி நூடுல்ஸைக் கலந்து செய்யும் ‘ஜப்பகுரி’யை, ராமென், உடோன் என்ற வெளிநாட்டவர் அறிந்த இரண்டு பெயர்களை ஒட்டி ‘ராம்டன்’ ஆக்கினார். இவை தேர்ந்த முடிவுகள். நொடிக்கு இத்தனை எழுத்து என்ற கட்டுக்குள் வேலை செய்கிறவர் வேறு என்ன செய்வார்? ஆனால் அதே தந்தை அதே காட்சியில் “மகனே, உன்னிடம் எல்லாவற்றுக்கும் திட்டம் இருக்கிறதே!” என்று மேடை நாடகத் தொனியில் விளிக்கும்போது கொரிய அரங்கு சிரித்தது, அந்த வாக்கியம் நாடு முழுவதும் கேலிப் பேச்சாகப் பரவியது. நம் வீட்டில் அப்பா ‘டேய்’ என்று கூப்பிடாமல் திடீரென்று ‘மகனே!’ என்று முழங்கினால் நாம் ஏன் சிரிப்போமோ, அதே காரணம்தான்.

தமிழில் குரல் கொடுத்து வெளிவரும் கொரியப் படங்களும் தொடர்களும் இப்போது நிறைய உண்டு. அவை கொரிய மூலத்திலிருந்தே தமிழுக்கு வந்தால் இந்த மரியாதை வேறுபாடுகள் அப்படியே உட்கார்ந்துகொள்ளும். ஆங்கில எழுத்தை நடுவில் வைத்துத் தமிழாக்கினால், ‘நீ’யா ‘நீங்களா’ என்பதை மொழிபெயர்ப்பவர் ஊகித்துத்தான் போட வேண்டும். இரண்டு மொழியிலும் இருந்த ஒன்று நடுவழியில் தொலைந்து, பிறகு தோராயமாகத் திரும்பி வருகிறது. போலீஸ்காரர் மேலதிகாரியை ஒருமையில் அழைப்பது போன்ற விநோதங்களை நீங்களும் கேட்டிருப்பீர்கள்.

இங்கே ஓர் இடைச்செருகல். ‘பாராசைட்’ ஆஸ்கர் வாங்கிய கையோடு அது 1999இல் வந்த விஜய்யின் ‘மின்சார கண்ணா’ கதை என்று நம்மவர்கள் கிளம்பியதும், வழக்குப் போடுவேன் என்று தயாரிப்பாளர் அறிவித்ததும் நினைவிருக்கும். ஒரு குடும்பமே அடையாளத்தை மறைத்துப் பணக்கார வீட்டில் ஒருவர் பின் ஒருவராக வேலைக்குச் சேர்வது என்ற சட்டகம் இரண்டுக்கும் பொது என்பது உண்மை. ஆனால் கே.எஸ். ரவிகுமாரின் படத்தில் அவர்கள் நுழைவது காதலுக்காக. வயிற்றுக்காக நுழைந்தவர்களின் கதையில் வரும் வாடை அங்கே வர வாய்ப்பே இல்லை.

‘டிசிஷன் டு லீவ்’ இன்னும் சிக்கலானது, எனக்கு இன்னும் பிடித்தமானது. பார்க் சான் வூக் இதற்காக 2022 கான் விழாவில் சிறந்த இயக்குநர் விருது பெற்றார். கணவன் மலையிலிருந்து விழுந்து இறந்த வழக்கில் சந்தேகத்துக்குரிய சீனப் பெண் சோ ரேயாக டாங் வெய்யும், அவளை விசாரிக்கும் பூசான் காவல் அதிகாரி ஹே ஜுன்னாகப் பார்க் ஹே இல்லும் நடித்தார்கள். சோ ரே கொரியத்தைத் தொலைக்காட்சியின் சரித்திரத் தொடர்களைப் பார்த்துக் கற்றவள். ஆகவே அன்றாடப் பேச்சில் யாரும் பயன்படுத்தாத ஏட்டுச் சொற்கள் அவள் வாயில் வந்து விழும். தமிழைப் பழைய ராஜா ராணிப் படங்களிலிருந்து மட்டும் கற்ற ஒருவர் காவல் நிலையத்தில் உட்கார்ந்து வாக்குமூலம் தருவதாக நினைத்துக்கொள்ளுங்கள்.

மலைக்குப் போன கணவர் திரும்பாவிட்டால் ‘மச்சிம்னே’ இறந்துவிடுவாரோ என்று கவலைப்பட்டதாக அவள் சொல்கிறாள். அந்தச் சொல்லுக்கு ‘இறுதியில்’ என்று பொருள் தரலாம். ஆனால் நீண்ட நாள் காத்திருந்த ஒன்று நிறைவேறும்போது சொல்லும் சொல் அது. நம்முடைய ‘ஒருவழியாக’ அதற்கு மிக அருகில் வருகிறது. “ஒருவழியாகச் செத்துவிடுவாரோ என்று கவலையாக இருந்தது” என்று ஒரு மனைவி சொன்னால் விசாரிப்பவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்து பார்ப்பாரா இல்லையா? மொழி தெரியாததால் வந்த பிழையா, மனத்தில் இருந்தது வாய் தவறி வந்ததா என்ற சந்தேகத்தில்தான் படம் முழுவதும் நிற்கிறது. பிறகு ஹே ஜுன் தன்னைப் பற்றிச் சொல்லும்போது ‘பூங்குவே’ என்ற சொல்லைப் பயன்படுத்துகிறான். கட்டடமும் பாலமும் இடிந்து விழுவதற்கு உரிய சொல் அது. அவன் போன பிறகு அவள் அதை அகராதியில் தேடி, இடிந்து உடைதல் என்ற பொருளைப் படிக்கிறாள். தமிழில் மனிதர்களும் ‘இடிந்துபோவார்கள்’ என்பதால் நமக்கு இங்கே ஆங்கில வாசகரைவிட ஒரு படி சலுகை உண்டு.

இந்த இருவரும் கடைசி வரை ஒருவரிடம் ஒருவர் மரியாதைப் பேச்சிலேயே பேசுகிறார்கள் என்பதைக் கவனியுங்கள். கொரியக் காதல் கதைகளில் ‘யோ’ உதிர்ந்து பன்மல்லுக்கு மாறும் கணம் ஒரு முத்தத்துக்குச் சமம். ரசிகர்கள் அதற்காகவே காத்திருப்பார்கள். இங்கே அது வருவதே இல்லை. சாட்சியமாக இருக்கும் அந்தக் கைப்பேசியைக் கடலில் போட்டுவிடுங்கள், ஆழமான இடத்தில் போட்டு யாரும் கண்டெடுக்க முடியாமல் செய்துவிடுங்கள் என்று அவன் சொல்வதை அவள் காதலின் அறிவிப்பாக எடுத்துக்கொள்கிறாள். நான் எப்போது உங்களைக் காதலிப்பதாகச் சொன்னேன் என்று அவன் பின்னர் கேட்கிறான். அவன் அந்தச் சொல்லைச் சொல்லவே இல்லை என்பது சரிதான். சாட்சியத்தை அழிக்கச் சொன்ன ஒரு காவல் அதிகாரி வேறு எதைச் சொல்லியிருக்க வேண்டும்? கொரியாவில் இதைத் திரும்பத் திரும்பப் பார்த்த கூட்டம் இந்தச் சொற்களுக்காகத்தான் பார்த்தது. அப்படிப் பல முறை பார்ப்பதற்கு ‘என் ச்சா’ என்று பெயரே வைத்திருக்கிறார்கள். கணக்கில் வரும் ஆங்கில எழுத்து ‘என்’ (n), அதாவது எத்தனையாவது தடவை என்று எண்ண முடியாதது.

ரசிகர்களின் சொற்களைப் பற்றிப் பேச்சு வந்துவிட்டதால் இன்னும் மூன்று. கதை நெஞ்சை அடைத்துக்கொண்டு நகரும்போது, நல்லவன் வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொன்னால் தீர்ந்துவிடும் விஷயம் இழுத்துக்கொண்டே போகும்போது, அவர்கள் அதைக் ‘கொகுமா’ என்பார்கள். கொகுமா என்றால் சர்க்கரைவள்ளிக்கிழங்கு. தண்ணீர் இல்லாமல் அவித்த கிழங்கைத் தின்றவருக்கு அந்த உவமையை விளக்க வேண்டாம். அந்த அடைப்பை நீக்கும் காட்சிக்குச் ‘சைடா’, அதாவது நுரைக்கும் எலுமிச்சைச் சோடா, என்று பெயர். மா டோங் சோக் ஒரே குத்தில் வில்லனைச் சுவரோடு சாய்க்கும் ‘ரவுண்டப்’ வரிசைப் படங்கள் முழுக்கச் சைடா. அழ வைப்பதற்கென்றே கடைசி அரைமணி நேரத்தில் கண்ணீரைத் திணித்தால் ‘ஷின்பா’ என்று சலித்துக்கொள்வார்கள். கொரியப் படம் என்றாலே உணர்ச்சி என்று நாம் கொண்டாடும் பல இடங்களை அவர்களே ஷின்பா என்று தள்ளுகிறார்கள் என்பது தெரிந்தால் சில விமர்சனங்களின் எரிச்சல் விளங்கும். எனக்கும் அந்த எரிச்சல் பல படங்களில் உண்டு.

2023 நவம்பரில் வந்த ‘12.12: தி டே’ கொகுமாவின் உச்சம். 1979 டிசம்பர் 12 இரவு சுன் டூ ஹ்வான் தலைமையில் நடந்த ராணுவக் கவிழ்ப்பின் ஒன்பது மணி நேரம்தான் படம். யார் ஜெயிக்கப்போகிறார்கள் என்பது பள்ளிப் பாடப் புத்தகத்திலேயே இருக்கிறது. தோற்கப்போகிறவர்கள் ஒவ்வொரு வாய்ப்பையும் கைநழுவ விடுவதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருக்க வேண்டும். இளைஞர்கள் தங்கள் கைக்கடிகாரம் காட்டிய இதயத் துடிப்பின் எண்ணிக்கையைப் படம் எடுத்துப் பகிர்ந்தார்கள். படத்துக்கு அதைவிட நேர்மையான விமர்சனம் யாரும் எழுதியதாக எனக்குத் தெரியவில்லை. அதிலும் வாக்கிய முடிவுகளைக் கேளுங்கள். “தோற்றால் தேசத்துரோகம், வென்றால் புரட்சி அல்லவா!” என்று கவிழ்ப்புத் தலைவனாக நடிக்கும் ஹ்வாங் ஜுங் மின் தன் கூட்டாளித் தளபதிகளிடம் கத்தும்போது அந்த வாக்கியம் ‘ம்னிக்கா’ என்ற ராணுவ மரியாதையில் முடிகிறது. சட்டத்தைக் கிழிக்கிறவன் இலக்கணத்தைக் கிழிப்பதில்லை. ஓராண்டு கழித்து, 2024 டிசம்பர் 3 இரவு தென்கொரிய அதிபர் ராணுவச் சட்டத்தை அறிவித்தபோது பலருக்கும் முதலில் நினைவு வந்தது இந்தப் படம்தான்.

அங்கே வெற்றியை வசூலில் சொல்வதைவிட நுழைவுச்சீட்டுகளின் எண்ணிக்கையில் சொல்வதே வழக்கம். ஐந்து கோடிக்குச் சற்று மேல் மக்கள் வாழும் நாட்டில் ஒரு கோடிச் சீட்டு விற்றால் அது ‘ச்சொன்மன்’ படம். ‘பாராசைட்’, ‘12.12’ இரண்டும் அந்தப் பட்டியலில் உள்ளவை. 2024இல் வந்த ‘எக்ஸ்ஹுமா’வும் அப்படியே. மயானம், மந்திரவாதம், நிலக் குறி பார்த்தல் என்று பேய்ப் படமாகத் தொடங்கும் அதில், பாத்திரங்களின் கார் எண்களை ரசிகர்கள் நிறுத்திப் பார்த்து, 0301, 0815, 1945 என்று கண்டுபிடித்தார்கள்: ஜப்பானிய ஆட்சிக்கு எதிராக மார்ச் 1 எழுச்சி நடந்த நாள், விடுதலை நாள், விடுதலை ஆண்டு. இளைய மந்திரவாதியின் பெயர் போங் கில் என்பதே 1932இல் ஷாங்காயில் ஜப்பானியத் தளபதிகள் மேல் குண்டு வீசிய யூன் போங் கில்லின் பெயர். இவை மொழி சார்ந்தவை அல்ல, ஊர் சார்ந்தவை; எந்த சப்டைட்டிலாலும் தர முடியாதவை. ‘பாராசைட்’டில் தந்தையும் நிலவறை மனிதனும் இருவருமே தைவான் கேக் கடை வைத்து நொடித்தவர்கள் என்று வரும் வரியும் இந்த வகைதான். அந்தக் கடைகள் கொரியாவில் தெருவுக்குத் தெரு முளைத்து, பிறகு மளமளவென்று மூடப்பட்டதைக் கண்ணால் கண்டவர்களுக்கு அது சிரிப்பு அல்ல.

நீங்கள் அடுத்து எதைப் பார்ப்பது என்றும் கேட்டிருந்தீர்கள். ஒன்றே ஒன்று சொல்ல வேண்டுமானால் போங் ஜூன் ஹோவின் 2003 படமான ‘மெமரீஸ் ஆஃப் மர்டர்’. 1986 முதல் 1991 வரை ஹ்வாசொங் பகுதியில் பத்துப் பெண்கள் கொல்லப்பட்ட வழக்கை வைத்து எடுத்தது. படம் வந்தபோது கொலையாளி யார் என்று தெரியாது. ஆளின் கண்ணைப் பார்த்தே குற்றவாளியா இல்லையா என்று சொல்லிவிடுவேன் என்று பீற்றிக்கொள்ளும் கிராமத்துத் துப்பறிவாளராகச் சாங் காங் ஹோ நடித்தார். கொட்டும் மழையில், ரயில் சுரங்க வாசலில், மரபணுச் சோதனை கைவிட்டுவிட்ட பிறகு, சந்தேக நபரின் முகத்தைப் பிடித்துக் கண்ணுக்குள் பார்க்கிறார். எதுவும் தெரியவில்லை. அப்போது “பபுன் மொக்கோ தானின்யா?” என்கிறார். வேளாவேளைக்குச் சோறு தின்கிறாயா என்று அர்த்தம். படப்பிடிப்பில் சாங் காங் ஹோ தாமாகச் சேர்த்துக்கொண்ட வசனம் அது. ‘பப்’ என்றால் சோறும்தான், சாப்பாடும்தான். ‘ன்யா’ என்ற முடிவு பெரியவர் சிறியவரிடம் பேசும் முரட்டு ஒருமை. ஊரில் வழிதவறிப்போன பையனைப் பார்த்து ஒரு பெரியவர் கேட்கும் கேள்வியை, கொலைகாரன் என்று தான் நம்பும் ஒருவனிடம் அவர் கேட்கிறார். வசவா, பரிவா, நீயும் மனிதன்தானா என்ற ஆற்றாமையா என்று கொரியர்கள் இருபது ஆண்டுகளாகப் பேசுகிறார்கள். நம் பேச்சில் “சாப்பிட்டியாடா?” என்பது எத்தனை வேலை செய்கிறது என்று நினைத்துப் பாருங்கள், அது போதும்.

உண்மைக் கொலையாளி 2019இல் மரபணு வழியே அடையாளம் காணப்பட்டான். மைத்துனியைக் கொன்ற வழக்கில் ஏற்கெனவே ஆயுள் தண்டனையில் இருந்தவன். வழக்கு தொடுக்கும் காலவரம்பு 2006லேயே முடிந்திருந்தது. அவன் செய்த ஒரு கொலைக்காக வேறொருவர் ஏறக்குறைய இருபது ஆண்டு சிறையில் இருந்து, 2020 டிசம்பரில்தான் நிரபராதி எனத் தீர்ப்புப் பெற்றார். அந்த மறுவிசாரணையில் சாட்சி சொல்ல வந்த கொலையாளி, படத்தைச் சிறையில் பார்த்ததாகவும் தனிப்பட்ட உணர்வு எதுவும் எழவில்லை என்றும் சொன்னான். படத்தின் கடைசிக் காட்சியை, கொலையாளி என்றாவது திரையரங்கில் வந்து உட்காருவான் என்ற எண்ணத்தோடுதான் போங் ஜூன் ஹோ எடுத்திருந்தார்.

அந்தக் காட்சியை ஒலியைக் கூட்டி வைத்துக்கொண்டு பாருங்கள். ஆண்டுகள் கழித்து, வேலையை விட்டு வியாபாரத்தில் இறங்கிவிட்ட துப்பறிவாளர், முதல் உடல் கிடைத்த மூடிய வாய்க்காலுக்குள் குனிந்து பார்க்கிறார். வழியில் போகும் ஒரு பள்ளிச் சிறுமி, சில நாள் முன்பு இன்னொருவரும் இப்படித்தான் பார்த்தார், முன்பு தான் இங்கே செய்த ஒன்று நினைவுக்கு வந்ததால் பார்க்க வந்ததாகச் சொன்னார் என்கிறாள். முகம் எப்படி இருந்தது என்று அவர் கேட்கிறார். சிறுமிக்கு விவரிக்கத் தெரியவில்லை. சும்மா, எல்லோரையும் போலத்தான் இருந்ததுங்க என்கிறாள், தெரியாத பெரியவரிடம் பேசுவதால் மறக்காமல் ‘யோ’ சேர்த்து.